இலையில் ஒன்றும் மீறக்கூடாது

பரந்தாமனைத் திருப்பி அடித்த ஆள் சென்னீர்குப்பத்தில் கிடையாது. நாற்பத்துமூன்று வயதில்தான் முதல்முறையாக ஒருத்தன் அடித்தான். அது அவனுடைய வயிறு.

பாதி இட்லிவரை சும்மா இருக்கும். அதற்குமேல் ஒரு விள்ளல் உள்ளே போனால் நெஞ்சுக்குழியில் யாரோ கையை மடக்கி ஓங்கிக் குத்தினமாதிரி வலிக்கும். விக்கல் வரும், மூக்கு ஒழுகும், வாய் முழுக்க எச்சில் நுரைத்து ஊறும். அப்புறம் பாத்ரூமுக்கு ஓடவேண்டியதுதான். தின்றது வெளியே வந்தால்தான் குத்து நிற்கும். இருபத்திரண்டு இட்லியைக் குடல்கறிக் குழம்போடு தின்றுவிட்டு, "இன்னாம்மே, அவ்ளோதானா?" என்று கேட்ட மனுஷனுக்கு வந்த கதி இது.

மூன்று தண்ணி லாரிக்குச் சொந்தக்காரன். ஆள் நூற்றைம்பத்திரண்டு கிலோ. பூந்தமல்லி பக்கம் தண்ணி லாரித் தொழிலில் வாய்ப்பேச்சு கொஞ்சம்தான், மீதியெல்லாம் உடம்பு. அவன் லாரியிலிருந்து இறங்கி வந்து நின்றாலே எதிராளி இரண்டடி பின்னால் போவான். பாதி சண்டை அதிலேயே முடிந்துவிடும். முடியாத பாதியை வீல் ஸ்பேனரால் முடிப்பான். அப்படி இருந்தவனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. சர்க்கரை நானூறைத் தாண்டியது. கால் கட்டைவிரல் கறுத்தது. இப்படியே போனால் இரண்டு வருஷம் என்று டாக்டர் கையை விரித்தார்.

ஆபரேஷனுக்குப் பெயர் பைபாஸ். வயிற்றுக்குச் செய்கிற பைபாஸ். இரைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கித் தைத்துவிட்டு, கீழே கிடக்கிற குடலை மேலே இழுத்து அதில் மாட்டிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி போனில் யாரிடமோ, "பைபாஸ் பண்ணிக்கீறாரு" என்று சொன்னாள். அவ்வளவுதான். பைபாஸ் என்றால் நம் ஜனங்களுக்கு இரண்டே அர்த்தம். ஒன்று ரோடு, இன்னொன்று நெஞ்சு. சாயங்காலத்துக்குள் பரந்தாமனுக்கு ஹார்ட்டு போச்சு என்று ஊர் பேசியது. சாத்துக்குடிப் பையோடு வரிசையாக வந்து பார்த்தார்கள்.

அவனும் மறுக்கவில்லை. நெஞ்சில் நோய் என்றால் ஆம்பளைக்கு அதிலும் ஒரு கெத்து இருக்கிறது. தின்று தின்று அடங்காமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்றால் அவனிடம் அடி வாங்கினவனெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பான். "யார்கிட்டயாவது மூச்சு உட்டே, நாக்க அறுத்துடுவேன்" என்று சாமுண்டீஸ்வரியிடம் சத்தியம் வாங்கினான். கூடப் பிறந்த தம்பி லோகேஷுக்கே தெரியாது.

சாப்பாட்டுக்கு மைதிலி என்று ஒரு டயட் மேடம். வாத்தியாரம்மா மாதிரி கண்டிப்பு. ஒரு வாயை முப்பது தடவை மெல்லவேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் கூடாது. முட்டை, மீன், கறி முதலில், சோறு கடைசியில். "இனிப்பு மட்டும் ஆகவே ஆகாது சார். உங்களுக்கு அது வயித்துல நிக்காது, நேரா குடல்ல போய் விழும். நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். அரை மணி நேரம் படுத்தா தானா போயிடும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பாக்கறவங்க பயந்துடுவாங்க, வீட்ல சொல்லி வையுங்க" என்றாள்.

நாலு மாதத்தில் முப்பத்தெட்டு கிலோ இறங்கியது. கோபம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. ஒருநாள் லாரி ஷெட்டில் டிரைவர் வினோத் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அந்த வாசனை பரந்தாமன் மூக்கில் ஏறியது. பசி இல்லை. பசி என்பதையே டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆசையை எடுக்க எந்தக் கத்திக்கும் தெரியவில்லை. நேராகப் போய் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். முப்பது தடவை மென்றான். அது ரப்பர் மாதிரி உருண்டு நெஞ்சில் போய் அடைத்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் ஷெட் சுவரோரம் குனிந்து நுரை நுரையாகக் கக்கினான்.

"அண்ணே, இன்னாண்ணே, தண்ணி துன்றியா?" என்று பதறிப் போய்ப் பக்கத்தில் வந்தான் வினோத்.

குடிக்கிறதைத் தின்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான், பாவம். பரந்தாமன் காதில் அது கிண்டலாக விழுந்தது. லாரியில் தொங்கிய ரப்பர் குழாயை உருவி விளாசினான். பையன் டயர் இடுக்கில் போய்ச் சுருண்டும் விடவில்லை. காது கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியபிறகுதான் கை நின்றது. சால்னாவுக்காக ஒருத்தனை ரத்தம் வர அடித்தோமே என்று அவனுக்கே அசிங்கமாக இருந்தது. வினோத் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

லோகேஷ் விஷயம் பஞ்சாயத்துக்கு வந்தது இந்த லட்சணத்தில்தான்.

லோகேஷுக்கு இருபத்தாறு வயது. அப்பா போனபிறகு பரந்தாமன் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. போன வருஷம் போர்வெல்லில் எந்த லாரி முதலில் பிடிப்பது என்று தகராறு வந்தது. எதிரில் நின்றவன் நூம்பல் ஊர் எத்திராஜின் மகன் கிஷோர். லோகேஷ் கத்தியை வீசினான், கிஷோருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. எத்திராஜ் ஒன்றும் அந்நியர் இல்லை. பங்காளி, பெரியப்பா முறை. கேஸ் ஆனது, ஜாமீன் ஆனது. ஆனால் லோகேஷை வெட்டாமல் தாடி எடுக்கமாட்டேன் என்று கிஷோர் தாடி வளர்த்தான். லோகேஷ் திருநின்றவூரில் ஒரு வாடகை வீட்டில் பதுங்கினான். அங்கேயும் தேடி வந்தார்கள். ஒருமுறை ஓடுகிற மின்சார ரயிலிலிருந்து எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் குதித்துத் தப்பினான். அடுத்த தடவை தப்பமாட்டான் என்று பரந்தாமனுக்குத் தெரியும். முன்னே மாதிரி உடம்பு இருந்தால் குறுக்கே போய் நிற்கலாம். இப்போது சட்டை கொடியில் காய்கிறமாதிரி அவன்மேல் தொங்குகிறது.

ஆவடி டாங்க் பேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆன வேலுசாமி இரண்டு பக்கத்துக்கும் பொது மனிதர். கோயம்புத்தூர்க்காரர். அவர்தான் நடந்து நடந்து எத்திராஜை இறங்கிவரச் செய்தார். எத்திராஜ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அந்தக் குடும்பத்தில் பகை தீர்ந்தது என்பதற்குக் கையெழுத்தெல்லாம் செல்லாது, கை நனைக்கவேண்டும்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எங்கூட்டுக்கு வரணும். எங்கூட்டு பொம்பள கையால போட்றத துன்னணும். எலைல ஒண்ணும் மீறக்கூடாது, ஒரு பருக்ககூட மிச்சம் வெக்கக்கூடாது. மீறிச்சின்னா மன்சுல வன்மம் கீதுன்னு அர்த்தம். எலைய மட்ச்சிட்டு எந்திரிச்சா, கிஷோரு லோகேசு மேல கை வைக்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு." சொல்லிவிட்டு எத்திராஜே சிரித்தாராம். "பரந்தாமனாண்ட போயி எலைல மீறக்கூடாதுன்னு சொல்றேன் பாரு!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமுண்டீஸ்வரி அழுதுகொண்டே பின்னாலேயே சுற்றினாள்.

"நான் பெரியம்மாவுக்கு ஒரு போன் பண்ணி சொல்லிட்றேன்யா. வயித்துல ஆபரேசன், ரெண்டு வாய்க்கு மேல எறங்காதுன்னு சொன்னா அவங்க புரிஞ்சிப்பாங்க."

"சொல்லுவே, சொல்லுவே. அப்பால அந்த கிஷோரு அவன் தோஸ்துங்கள கூட்டிவச்சிகினு சிரிப்பான். பரந்தாமன் வயித்த கீச்சிகினான்னு."

"சிரிச்சா சிரிச்சிட்டு போறாங்க. தம்பி உயிருய்யா!"

அறைந்தான். அவள் பீரோவில் போய் மோதினாள், கண்ணாடி விரிசல் விட்டது. கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் லாரியை எடுத்தான். கண்ணாடி விரிந்த சத்தம் பூந்தமல்லி தாண்டும்வரை அவன் காதில் இருந்தது.

எத்திராஜ் வீட்டுக் கூடத்தில் தரையில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார்கள். லோகேஷ் முன்னமே வேலுசாமியோடு வந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும், "இன்னாண்ணே, பாதியாயிட்ட" என்று கலங்கினான். சுவரோரம் கிஷோரும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும். கிஷோர் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துவைத்திருந்தான்.

எத்திராஜின் பெண்டாட்டி சாவித்திரி பெரியம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். அவளுக்கு இந்தப் பகையில் பெற்ற மகனின் மூன்று விரல் போயிருக்கிறது. இருந்தும் வந்தவன் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது.

"இன்னா நைனா இப்டி எளச்சிட்டே! உனுக்கு ஹார்ட்ல பைபாஸ் ஆயிகீதுன்னு நான் கறியே எடுக்கல. எண்ணெ கெடையாது, முட்டை கெடையாது. நெய்கூட பேருக்குத்தான். எல்லாம் இனிப்பா பண்ணிக்கீறேன். போளி, கேசரி, வெல்லம் தூக்கலா போட்டு பாயசம். பயப்படாம துன்னு."

கறி போட்டிருந்தால் பரந்தாமன் இரண்டு துண்டை மென்று ஒப்பேற்றியிருப்பான். பாவி மனுஷி, அன்பாகவே யோசித்து, அவனுக்கு எது எது எமனோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சமைத்து வைத்திருக்கிறாள்.

இலையில் இரண்டு போளி, ஒரு கரண்டி கேசரி, சுட்ட அப்பளம், கூட்டு, நடுவில் சோறு. சோறு எப்போதும்போல் பரந்தாமன் அளவுக்குக் குவிந்தது. "போதும் பெரியம்மா" என்றதற்கு, "அட, கூச்சப்படறான் பாரேன்" என்று இன்னொரு கரண்டி வைத்தாள்.

பக்கத்து இலையில் லோகேஷ் அள்ளி அள்ளித் தின்றான். வீட்டுச்சோறு தின்று எட்டு மாதம் ஆன பிள்ளை. பரந்தாமன் போளியில் ஒரு விள்ளல் எடுத்து மெல்ல ஆரம்பித்தான். பத்து, இருபது, முப்பது. கூடத்தில் எல்லாக் கண்ணும் அவன் தாடையில் இருந்தது. ஒரு போளி முடிவதற்குள் லோகேஷ் சாம்பாரை முடித்து ரசத்துக்கு வந்துவிட்டான்.

"இன்னா, எறங்கலியா?" என்றான் கிஷோர். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை. "எங்கூட்டு சோறு கசக்குதோ?"

"ஹார்ட்டு பேஷன்ட் கண்ணு, மெதுவாத்தான் சாப்பிடுவாப்ல" என்றார் வேலுசாமி.

பரந்தாமன் சோற்றில் கை வைத்தான். மூன்றாவது வாயில் குத்து விழுந்தது. மூக்கு ஒழுகியது, காரம் என்பதுபோல் துடைத்துக்கொண்டான். நாலாவது வாயில் விக்கல். எச்சில் ஊறியது, முழுங்கினால் அதற்கும் உள்ளே இடமில்லை. இலையைப் பார்த்தான். அதில் மலை அப்படியே இருந்தது. தம்பியைப் பார்த்தான். தாடையோரம் சோற்றுப்பருக்கை ஒட்டிக்கொண்டிருக்க, சின்ன வயதில் தின்கிறமாதிரியே தின்றுகொண்டிருந்தான். இவனுக்காக விஷத்தையே தின்னலாம், சோறு என்ன என்று அந்த நொடியில் பரந்தாமனுக்குத் தோன்றியது. அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாவித்திரி பெரிய டம்ளரில் பாயசத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பரந்தாமன் கணக்குப் போட்டான். திடமாக எதுவும் இனி இறங்காது. பாயசம் வழுக்கிக்கொண்டு இறங்கும், சோற்றையும் கீழே தள்ளும். படபடப்பு வரும்தான், அரை மணி நேரம்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு இலையை மடித்துவிட்டால் லாரியில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தான். சாவித்திரி முகம் மலர்ந்து போய் இன்னொரு டம்ளர் ஊற்றினாள். அதையும் குடித்தான்.

பாயசம் அவன் கணக்கைக் கேட்கவில்லை. ஐந்தாறு நிமிஷத்தில் நெஞ்சு திம்திம்மென்று அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் போர்வெல் மோட்டார் ஓடியது. முதுகில் வேர்வை ஊற்றியது, கை ஐஸாகச் சில்லிட்டது. வயிற்றை யாரோ ஈரத்துணி பிழிகிறமாதிரி பிழிந்தார்கள். கண் இருட்டியது. இலைமேலேயே முகம் குப்புற விழுந்தான்.

"அண்ணே!" லோகேஷ் புரட்டிப் போட்டான். "அண்ணே, இன்னா ஆச்சி? நெஞ்சா? நெஞ்சு வலிக்கிதா?"

வேலுசாமி அதற்குள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கத்தினார். "ஹார்ட்டு பேஷன்டுங்க! பைபாஸ் ஆனவருங்க! வெரசா வாங்க!"

அப்போது பரந்தாமனுக்கு மூச்சு இருந்தது, வாயும் இருந்தது. வயிற்றில் ஆபரேஷன், இனிப்பு ஆகாது. நாலே வார்த்தை. தலைக்குமேல் கிஷோரின் கூட்டாளிகள் குனிந்து பார்த்தார்கள். அந்த முகங்களுக்கு நடுவில் அந்த நாலு வார்த்தையைச் சொல்ல மானம் விடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டான்.

"ஹார்ட்டுன்னா நெஞ்சதானே புடிப்பாங்க, இவரு வயித்த புடிக்கிறாரு" என்றான் கூட்டாளிகளில் ஒருத்தன்.

லோகேஷின் முகம் மாறியது. "அண்ணே, எதுனா கலந்துட்டாங்களா? இன்னா துன்ன? எத துன்ன?"

இப்போது சொல்ல நினைத்தான். வாயைத் திறந்தான், நுரைதான் வந்தது. வெள்ளையாக, கட்டிக் கட்டியாக, தாடையில் வழிந்தது. பேச்சு வராமல் கையைத் தூக்கிப் பாயச டம்ளரைக் காட்டினான். இனிப்புதான் இது, வேறொன்றும் இல்லை என்று சொல்வதாக அவன் நினைப்பு. அந்த விரலைப் பார்த்த லோகேஷுக்கு வேறு அர்த்தம் பட்டது. அந்த இடத்தில் யாருக்கும் அப்படித்தான் படும்.

ஒரே பாய்ச்சலில் சாவித்திரியின் கொண்டையைப் பிடித்தான். தடுக்க வந்த எத்திராஜை எட்டி உதைத்தான். கிழவர் கதவு நிலையில் மண்டை மோதிச் சரிந்தார். மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் லோகேஷ் அவளைத் தரதரவென்று சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், அடுப்பிலிருந்த குண்டானில் கரண்டியை விட்டு, கொதிக்கக் கொதிக்கப் பாயசத்தை அவள் வாயில் ஊற்றினான்.

"குடி! எங்கண்ணனுக்கு குட்த்தல்ல, நீ குடி! இன்னாத்த கலந்தே, சொல்லு!"

அவள் அலறினாள். உதடு வெந்தது. அவன் தலையை அண்ணாத்திப் பிடித்து இன்னொரு கரண்டி ஊற்றினான். அவளும் முழுங்கினாள், முழுங்கினால் விடுவான் என்று நினைத்து முழுங்கினாள். பரந்தாமன் கூடத்துத் தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் கதவு வழியாகப் பார்த்தான். எழுந்திருக்கக் கை ஊன்றினான், சோற்றில் வழுக்கியது. "வேணாண்டா" என்று அவன் சொன்னது நுரைக்குள் கரைந்துபோனது.

வாழையிலை நறுக்கிய கத்தி சமையல்கட்டு வாசலில் கிடந்தது. கிஷோர் அதை இடது கையில் எடுத்தான். ஒரு வருஷமாக இடது கையால் பழகியிருந்தான் போல. முதல் குத்து விலாவில் விழுந்தது. லோகேஷ் திரும்பியபோது இரண்டாவது கழுத்தில். அப்படியும் லோகேஷ் அவள் கொண்டையை விடவில்லை. மூன்றாவதில்தான் விட்டான். இரண்டடி நடந்து கூடத்துக்கு வந்து, தான் சுத்தமாகத் தின்று முடித்திருந்த இலைமேல் மல்லாந்தான். ரத்தம் பாய் ஓரமாக ஓடிப் பரந்தாமனின் முழங்கையை நனைத்தது. சூடாக இருந்தது.

சாவித்திரி வெந்த வாயோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நுரை வரவில்லை, மயக்கம் வரவில்லை. பாயசத்தில் ஒன்றுமே இல்லை என்று எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. கிஷோர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே குந்தினான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே ஸ்ட்ரெச்சர். "ஹார்ட் பேஷன்ட் யாரு?" என்று கேட்டபடி இரண்டு பேர் உள்ளே ஓடி வந்தார்கள். வேலுசாமி பரந்தாமனைக் காட்டினார். அவர்கள் அவனைத் தூக்கினார்கள்.

அதற்குள் படபடப்பு அடங்கியிருந்தது. வேர்வை நின்றிருந்தது. உடம்பு நன்றாக ஆகிவிட்டது, சனியன் பிடித்த உடம்பு. பரந்தாமன் அவர்கள் கையை உதறிக்கொண்டு தம்பியின்மேல் போய் விழுந்தான்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல! எனுக்கு ஹார்ட்டே இல்ல! வயித்த வெட்டிகினேன், துன்னு துன்னு அடங்காம வெட்டிகினேன்! இனிப்பு ஆவாது, அவ்ளோதான்! இவன தூக்குங்கய்யா, இவன தூக்குங்க!"

கூடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரன் குனிந்து லோகேஷின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு எழுந்து நின்றுகொண்டான்.

சாவித்திரி தவழ்ந்து வந்து பரந்தாமனின் எதிரில் உட்கார்ந்தாள். உதட்டுத் தோல் உரிந்து தொங்கியது. பேச்சு குழறியது, ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு வாய் ரசஞ்சோறு கொழைச்சி போட்டிருப்பேனே, நைனா. அதுக்கு மேல யார்ரா கேட்டா உன்ன?"